தூணோரத்து இருக்கை

பெஞ்சை அறுத்த அன்று காலை மருத்துவமனைக் கூடத்தில் இருந்தவர்கள் யார் யார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டிலிருந்து நான், என் பெரிய தம்பி, சின்ன தம்பி, சின்னவன் மனைவி, அவர்கள் மகன். மகனுக்கு வீட்டில் வைத்த பெயர் கிரேன். அவனை நேரில் பார்த்தவர்கள் ஏன் என்று கேட்கமாட்டார்கள். மருத்துவமனை சார்பில் கட்டடத்தை வரைந்த ஆர்க்கிடெக்ட், நிர்வாகி, குழந்தைகளைப் பார்க்கும் டாக்டரம்மா. இவர்களைத் தவிர, தரை துடைத்துக்கொண்டிருந்த அம்மாள் ஒருத்தி. அவ்வளவுதான். பத்திரிகைக்காரர் யாரும் இல்லை. போட்டோ எடுத்தவர் இல்லை. என் பெரிய தம்பியின் மகள் இல்லை. அவள் அங்கே நின்றாள், என்னைப் பார்த்து அழுதாள் என்று சிலர் சொல்கிறார்கள். அங்கே இல்லாதவர்கள் அவர்கள்தான்.

எங்கள் தொழில் பெஞ்சு செய்வது. பூங்கா பெஞ்சு அல்ல, பள்ளிக்கூட பெஞ்சும் அல்ல. பெரிய கட்டடங்களின் வாசல் கூடத்திலும் காத்திருக்கும் அறையிலும் போடுகிற பெஞ்சு. பலகைகளை அடுக்கிப் பசை போட்டு இறுக்கிக் கனத்த கட்டையாக்கி, அதிலிருந்து உளியால் செதுக்கி எடுப்போம். நேர்கோடு எங்கும் இருக்காது. முதுகு ஓரிடத்தில் எழும்பும், ஓரிடத்தில் தணியும். கை வைக்கும் இடம் வழிந்து போய் அடுத்த இருக்கையாகும். இணைப்பு எங்கே இருக்கிறது என்று விரலால் தடவினாலும் தெரியாது. தெரிந்தால் அது எங்கள் பெஞ்சு இல்லை. மரத்தில் செய்த சிலை என்று சிலர் புகழ்வதுண்டு. நாங்கள் அப்படிச் சொல்வதில்லை. சிலை மேல் யாரும் உட்காருவதில்லை.

அப்பா ஆரம்பித்த பட்டறை. அவருக்குப் பிறகு நான் பார்த்துக்கொள்கிறேன். மூத்தவள் நான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை; அதற்கும் பட்டறைக்கும் சம்பந்தம் இல்லை.

பெஞ்சின் வடிவத்தைத் தாளில் வரைவோம். உட்காரும் குழியை மட்டும் வரைவதில்லை. ஓர் ஆழமான மரத்தட்டில் ஈர மணலைப் பரப்பி, அதில் வீட்டு ஆட்களை உட்கார வைப்போம். எழுந்த பிறகு மணலில் விழுந்த குழியின் வளைவை ஒட்டுப்பலகையில் வெட்டி எடுப்போம். அதற்கு அளவுப்பலகை என்று பெயர். ஒவ்வொரு பெஞ்சுக்கும் புதிதாக உட்கார வேண்டும், ஏனென்றால் உடம்பு மாறிக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொருவருடைய கடைசி அளவுப்பலகையும் பட்டறைச் சுவரில் வயது வரிசையில் தொங்கும்.

வெளியாள் மணலில் உட்காரக்கூடாது. இது அப்பா வைத்த விதி, நான் காப்பாற்றுகிற விதி. வெளியாள் மரியாதைக்காக நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விடுவான். வீட்டு ஆள்தான் இடுப்பு வலிக்கிறது என்று மூஞ்சிக்கு நேராகச் சொல்வான். எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் மரியாதைக்காகப் பொய் சொன்னதில்லை. அதனால் எங்கள் பெஞ்சு ஒன்றுகூட இதுவரை திரும்பி வந்ததில்லை.

மருத்துவமனை பெஞ்சு ஐந்து இருக்கை கொண்டது. கூடத்தின் வளைந்த சுவரை ஒட்டிப் போய், கடைசியில் ஒரு தூணோரம் சுருண்டு நிற்கும். தூணோரம் என் இருக்கை. பிறகு பெரியவன், சின்னவன், சின்னவன் மனைவி, கிரேன் என்று வயதுப்படி. நாங்கள் ஐவரும் மணலில் உட்கார்ந்து எடுத்த குழிகள். இழைத்து, உப்புத்தாள் போட்டு, மெழுகு தேய்த்து, கூடத்தில் கொண்டுபோய்ப் பொருத்தி முடித்தபோது நிர்வாகியே அதை ஒருமுறை கையால் தடவிப் பார்த்தார். பிறகு டாக்டரம்மா வந்து உட்கார்ந்தார்.

டாக்டரம்மா உயரத்தில் கிரேனின் நெஞ்சுக்கு வருவார். முதலில் பெரியவன் இருக்கையில் உட்கார்ந்தார். கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனார். எழுந்து அடுத்ததில் உட்கார்ந்தார். அதிலும் போனார். ஐந்திலும் உட்கார்ந்து பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"தப்பா நினைச்சுக்காதீங்கம்மா. பெஞ்சு ரொம்ப அழகா இருக்கு. ஆனா நான் சறுக்கறேன்."

"நிமிர்ந்து உக்காந்தா சறுக்காது," என்றேன்.

"நிமிர்ந்துதான் உக்காந்தேன். கால் தரைக்கு எட்டல. எட்ட வைக்கலாம்னு முன்னால நகர்ந்தா, முதுகுக்கு ஒண்ணுமில்ல. நடுவுல பள்ளத்துல விழுந்த மாதிரி இருக்கு."

கிரேன் சிரித்தான். அவன் அம்மா அவன் காலை மிதித்தாள். அந்த மிதி கூடம் முழுவதும் கேட்டது.

"என்கிட்ட வர்ற அம்மாக்கள்ல பாதிப்பேர் என் சைஸ்தான்," என்று டாக்டரம்மா தொடர்ந்தார். "மடியில குழந்தையை வேற வச்சிருப்பாங்க. சறுக்கினா ரெண்டு பேரும் சேர்ந்து சறுக்குவாங்க."

ஆர்க்கிடெக்ட் ஒவ்வொரு இருக்கையாகப் போய் உட்கார்ந்து எழுந்தார். அவர் நடுத்தர உயரம். அவருக்கும் எதுவும் சரியாக இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. பிறகு எங்கள் ஐவரையும் வரிசையாக ஒரு பார்வை பார்த்தார், பெஞ்சையும் பார்த்தார். "ஓ," என்றார். அந்த 'ஓ'வை நான் இன்னும் மறக்கவில்லை.

எங்கள் குடும்பத்தில் எல்லோரும் நெட்டை, எல்லோரும் கனம். சின்னவன் மனைவி வேறு வீட்டிலிருந்து வந்தவள்தான், ஆனால் அவளும் அப்படித்தான். தம்பிகள் நிலைப்படியில் குனிந்து போய்ப் பழகியவர்கள். நான் குனிவதில்லை, நிலைப்படியை உயர்த்தச் சொல்லிவிட்டேன்.

நிர்வாகி தொண்டையைக் கனைத்தார். "இந்தப் புதுக் கூடத்துக்குத் திறப்பு அடுத்த வாரம். அஞ்சுல ஒண்ணாவது சின்ன ஆளுங்களுக்குத் தோதா இருக்கணும்னு டாக்டர் சொல்றாங்க. மாத்திக் குடுத்துட்டா சந்தோஷம். முடியலேன்னா பெஞ்சை எடுத்துக்குங்க. நாற்காலி கம்பெனியில ஏற்கெனவே பேசி வச்சிருக்கோம். ஒரு போன் பண்ணினா லாரியில வந்து எறங்கிடும்."

எந்தக் கம்பெனி என்று நான் கேட்கவில்லை. ஊரில் இருப்பது ஒன்றுதான். பிளாஸ்டிக்கை உருக்கி ஊற்றி, நிமிஷத்துக்கு ஒன்றாக நாற்காலி துப்புகிற கம்பெனி. என் பெரிய தம்பி மகள் வேலை பார்ப்பது அங்கேதான்.

டாக்டரம்மா நல்லவர். "வேணும்னா என்னையே அளந்துக்குங்க. இப்பவே வர்றேன்," என்றார்.

"நீங்க நல்லவங்க. அதனாலதான் வேண்டாம்னு சொல்றேன்," என்றேன். அவருக்குப் புரியவில்லை. விளக்கவில்லை.

நாற்காலி கம்பெனியில் இருப்பவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெரியவனுக்கு ஒரே மகள். அவள் அம்மா அவள் சிறு குழந்தையாக இருக்கும்போதே காலமானவள், சின்ன உருவம். மகளும் அப்படியே. அவளுக்கு வீட்டில் ஆப்பு என்று பெயர். இரண்டு பலகைக்கு நடுவே அடித்து இறுக்குகிற சின்ன மரத்துண்டு ஆப்பு. எந்த இடுக்கிலும் நுழைவாள், நுழைந்தால் பிடி விடமாட்டாள். பள்ளிக்கூடம் முடித்த வருஷத்திலிருந்து எங்களோடு மணலில் உட்கார்ந்தாள். பெஞ்சு படம் வரைவதில் எங்கள் ஐவரையும்விடக் கை நேராக ஓடும். படிக்க வைத்தோம். படித்து முடித்து வந்து, நாற்காலி கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன் என்றாள்.

அவள் ஓடிப்போய்விட்டாள் என்றுதான் அக்கம்பக்கத்தில் பேச்சு. யாரோடு என்று சின்னவன் மனைவியிடம் கேட்டார்களாம். "நாலு கால் உள்ளவனோட. பிளாஸ்டிக்," என்று இவள் பதில் சொல்லியிருக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. யாரோடாவது போயிருந்தால் ஒரு வருஷத்தில் வீட்டுக்கு அழைத்திருப்பேன். ஆனால் பெஞ்சுப் பட்டறையில் பிறந்தவள் பிளாஸ்டிக் நாற்காலிக்குப் படம் வரைந்து கொடுப்பது வேறு. அன்று மாலையே அவளுடைய அளவுப்பலகையைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. பெரியவன் மட்டும் மாதம் ஒருமுறை புதுச் சட்டை போட்டுக்கொண்டு ஆணி வாங்கப் போவான். ஆணி வாங்கப் புதுச் சட்டை எதற்கு என்று நானும் கேட்டதில்லை.

மருத்துவமனையிலிருந்து திரும்பி வந்து பட்டறையில் டீ போட்டோம். டீ ஆறியது. முதலில் வாயைத் திறந்தவன் சின்னவன்.

"அக்கா, வரைஞ்சு வெட்டிடலாம். எல்லா அளவையும் கால்வாசி குறைச்சா போச்சு."

"கால்வாசி குறைச்சா அது குட்டியாக்கின பெரிய ஆளு. சின்ன ஆளு இல்ல. யாரும் உக்காராத குழியை நான் வெட்டினதில்ல," என்றேன்.

"அப்ப சின்ன ஆளுக்கு எங்க போறது?" என்றாள் அவன் மனைவி. "நம்ம வீட்ல கிரேன் பொறந்தப்பவே நர்சுக்குக் கை வலிச்சுது."

"அம்மா!"

"நீ சும்மா இருடா. உன் சீட்டுல அந்த டாக்டரம்மா உக்காந்தப்ப எனக்குத் தலைதான் தெரிஞ்சுது."

பெரியவன் டீ டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "பழைய அளவுப்பலகை ஒண்ணு இருந்துச்சு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அதை நான் பசை காய்ச்சுகிற அடுப்பில் போட்டு எரித்துவிட்டேன் என்று வீட்டில் ஒரு பேச்சு இருப்பது எனக்குத் தெரியும். எரிக்கவில்லை. நல்ல ஒட்டுப்பலகை அது. எழுந்து போய் என் அறை அலமாரி மேலிருந்து எடுத்து வந்து மேஜையில் வைத்தேன். சின்னவன் மனைவி அதன் மேல் விரலை ஓட்டி, விரலைத் திருப்பிப் பார்த்தாள்.

"தூசியே இல்லையே அண்ணி."

"என் அறையில தூசி இருக்காது," என்றேன். இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

பலகையைப் பார்த்தவுடனே உதவாது என்று தெரிந்தது. படிப்பு முடிக்கும் முன் எடுத்த அளவு. இப்போது அவள் முழு வளர்ந்த பெண். அதோடு, ஒவ்வொரு பெஞ்சுக்கும் புதிதாக உட்கார வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. பெரியவன் எழுந்து நின்றான்.

"நான் கூப்பிடவா அக்கா?"

"நீ கூப்பிட்டா அப்பா மகளைக் கூப்பிடற மாதிரி ஆயிடும். இது பட்டறை வேலை. நான் கூப்பிடறேன்."

அவளுடைய செல்போன் எண் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அதில் கூப்பிட்டிருக்கமாட்டேன். கம்பெனி எண்ணுக்கு, வேலை நேரத்தில், எல்லோர் முன்னிலையிலும் போன் செய்தேன். எந்த நிறுவனத்திலிருந்து என்று ஒரு பெண் கேட்டாள். பெஞ்சுப் பட்டறை என்றேன். பாட்டு போட்டார்கள். பாட்டு நின்றது.

"ஹலோ, டிசைன் செக்‌ஷன்."

"பட்டறையிலேருந்து பேசறோம்."

"அத்தையா?"

"பட்டறையிலேருந்துன்னு சொன்னேன். மருத்துவமனைக்கு ஒரு பெஞ்சு செஞ்சிருக்கோம். சின்ன உருவத்துக்கு ஒரு இருக்கை தேவைப்படுது. நீங்க வந்து மணல்ல உக்கார முடியுமான்னு கேக்கறதுக்காகப் பேசறோம்."

"என்னை நீங்கன்னு சொல்லாதீங்க அத்தை. பயமா இருக்கு."

"முடியுமா முடியாதா?"

"இருங்க. அந்த மருத்துவமனைதானே? வளைஞ்ச சுவரு, தூணு? அந்தப் பெஞ்சு திரும்பிப் போச்சுன்னா ஆர்டர் எங்களுக்குத்தான் வரும். அது தெரியுமில்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சுதான் கூப்பிடறீங்களா?"

"தெரிஞ்சதனாலதான் ஆபீஸ் நம்பர்ல கூப்பிடறேன். ஒளிச்சு மறைச்சு வேலை வாங்கற பழக்கம் இந்தக் குடும்பத்துக்கு இல்ல. உங்க மேலதிகாரிகிட்ட சொல்லிட்டு வரணும்."

"அவரு எதிர்லதான் உக்காந்திருக்காரு. நான் பேசறதைத்தான் பாத்துக்கிட்டிருக்காரு."

"நல்லது. கேக்கட்டும்."

அவள் போனைக் கையால் மூடிக்கொண்டு யாரிடமோ பேசினாள். மறுபடி வந்தபோது குரல் வேறாக இருந்தது. "ஞாயித்துக்கிழமை என் சொந்த நேரம், அதுல யார் வீட்டு மணல்ல உக்காந்தா எனக்கென்னன்னு சொல்றாரு. வர்றேன். ஆனா ஒண்ணு. என் பலகை சுவத்துல என் இடத்துல இருக்கணும். இருந்தா உக்கார்றேன். இல்லேன்னா வாசலோட திரும்பிடுவேன். ஆஸ்பத்திரியில வேற யாரையாவது உக்கார வச்சுக்குங்க."

பட்டறையில் எல்லோருக்கும் அது கேட்டது. அவளுக்குச் சின்ன உடம்பு, குரல் அப்படி இல்லை.

"ஞாயித்துக்கிழமை காலையில மணல் நனைச்சு வச்சிருப்போம்," என்று சொல்லிப் போனை வைத்தேன்.

நான் சம்மதித்தேனா இல்லையா என்று சின்னவன் மனைவி கிரேனிடம் கேட்டாள். கிரேன் தெரியவில்லை என்று தோளைக் குலுக்கினான். அவன் தோளைக் குலுக்கினால் அலமாரியில் உளிகள் சலசலக்கும்.

ஞாயிற்றுக்கிழமை பெரியவன் விடிவதற்குள் முகம் மழித்து, மணலைச் சலித்து, தண்ணீர் தெளித்து, கையால் பிடித்துப் பார்த்து, மறுபடி சலித்தான். அவள் ஸ்கூட்டரில் வந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றாமலே பட்டறைக்குள் நுழைந்து நேராகச் சுவரைப் பார்த்தாள். அவள் பலகை அவள் இடத்தில், சின்னவன் மனைவியுடையதற்கும் கிரேனுடையதற்கும் நடுவில் தொங்கியது. பிறகுதான் ஹெல்மெட்டைக் கழற்றினாள்.

"என்ன அக்கா, இன்னும் வளரலையா?" என்றான் கிரேன்.

"நீ என் பங்கையும் சேர்த்து வளந்துட்டியேடா."

சின்னவன் மனைவி அவள் கன்னத்தைப் பிடித்து இழுத்தாள். பெரியவன் மணலையே பார்த்துக்கொண்டிருந்தான். நேற்று இரவு பார்த்தவனைப் போல "வாம்மா" என்று மட்டும் சொன்னான். நான் தட்டைக் காட்டினேன்.

அவள் உட்காரவில்லை. பெஞ்சின் வரைபடம் மேஜையில் விரித்திருந்தது. அதைக் குனிந்து பார்த்தாள். "நல்லா இருக்கு. தூணோரம் சுருளுதே, இது யாரு கோடு?"

"சித்தப்பா கோடு," என்றான் சின்னவன், கொஞ்சம் பெருமையாக.

"நல்ல கோடு. ஆனா அஞ்சு பேரும் நம்ம வீட்டு ஆளுங்க. ஒரு கம்பெனி நாற்காலிக்கு நாங்க எத்தனை பேரை அளக்கறோம் தெரியுமா அத்தை? ஆயிரம் பேருக்கு மேல. குட்டை, நெட்டை, கர்ப்பிணி, கால் முடியாதவங்க எல்லாரும்."

"ஆயிரம் பேரை அளந்து ஒருத்தருக்கும் பொருந்தாத நாற்காலி செய்யறீங்க," என்றேன்.

"நீங்க அஞ்சு பேரை அளந்து அஞ்சு பேருக்கு மட்டும் பொருந்தற பெஞ்சு செய்யறீங்க."

சின்னவன் கொல்லைப் பக்கம் எதையோ தேடுவது போலப் போனான். சிரிக்கப் போனான் என்று எனக்குத் தெரியும்.

"மணல் காயுது," என்றேன்.

அவள் செருப்பை விட்டுவிட்டு ஏறி உட்கார்ந்தாள். முதுகு வளைந்து, தோள் முன்னால் விழுந்து, கைகளை மடியில் கோத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எங்கள் வீட்டில் யாரும் அப்படி உட்காருவதில்லை.

"நிமிரு."

"மாட்டேன் அத்தை."

"நிமிர்ந்து உக்காருன்னு சொன்னேன்."

"இது ஆஸ்பத்திரி பெஞ்சு. பிள்ளைக்குக் காய்ச்சல்னு தூக்கிட்டு வந்து உக்காந்திருக்கறவ யாரு நிமிர்ந்து உக்காருவா? இப்படித்தான் உக்காருவா. அவங்க நிமிர்ந்து உக்காரணும்னு நம்ம பெஞ்சு எதிர்பார்க்குது. அதனாலதான் சறுக்கறாங்க."

அவள் 'நம்ம பெஞ்சு' என்று சொன்னதை நான் கவனித்தேன். பெரியவனும் கவனித்தான்.

நிமிரச் சொல்லி நான் மறுபடி கேட்கவில்லை. அவள் எழுந்த பிறகு மணலில் இருந்தது குனிந்து உட்கார்ந்தவளின் குழி. அதன் வளைவைத்தான் வெட்டினோம். முன்விளிம்பு தாழ்ந்தது, முதுகு முன்னால் வந்தது. மதியத்துக்குள் ஒரு மாதிரிக் கட்டையைச் செதுக்கி அவளை உட்கார வைத்தோம். உட்கார்ந்த உடனே "இடது பக்கம் குத்துது, யாரு செதுக்கினது, கிரேனா?" என்றாள். கிரேன்தான். சரிசெய்தோம். மறுபடி உட்கார்ந்தாள், மறுபடி குறை சொன்னாள். கடைசியில் குறை சொல்வதை நிறுத்திவிட்டு, அதிலேயே உட்கார்ந்தபடி சின்னவன் மனைவி கொடுத்த டீயைக் குடித்தாள். அளவு முடிந்தது என்று அப்போது எனக்குத் தெரிந்தது. டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டாள்.

அடுத்த கேள்வி, எந்த இருக்கையை எடுப்பது என்பது. மரத்தில் இருப்பதைக் குறைக்க முடியும், இல்லாததைக் கூட்ட முடியாது. பெரிய குழியைச் சின்னக் குழியாக்க வழியில்லை. ஓர் இருக்கையை முழுதாக அறுத்து எடுத்துவிட்டு அங்கே புதுக் கட்டை பொருத்த வேண்டும்.

"என்னோடதை எடுத்துடுங்க அண்ணி," என்றாள் சின்னவன் மனைவி. "அந்த இடத்துல டாக்டரம்மா மாதிரி ரெண்டு பேரை வைக்கலாம்."

"என்னோடது," என்றான் கிரேன்.

"உன்னோடதை எடுத்தா மூணு பேரை வைக்கலாம்டா."

"ஓரத்துல இருக்கறதை எடுக்கறோம்," என்றேன்.

ஓரத்தில் இரண்டு இருக்கை உண்டு. ஒரு முனையில் கிரேன் இருக்கை. அது சுவருக்குள் பதித்த இரும்புத் தாங்கியில் உட்கார்ந்திருக்கிறது. எடுத்தால் சுவரை உடைக்க வேண்டும். மறுமுனை தூணோரம். எல்லோருக்கும் அது தெரியும். பெரியவன் மட்டும் "அக்கா" என்றான். "புதுக் கட்டைக்குப் பலகை எடுத்து வைங்க," என்று சொல்லிவிட்டு நான் உள்ளே போனேன்.

இரவு பகலாக வேலை செய்தோம் என்று சொல்கிறார்கள். பகலில்தான் செய்தோம். இரவில் மரத்தின் நிறம் ஏமாற்றும்.

கட்டை தயாரானதும் மருத்துவமனைக்குப் போனோம். முதலில் சொன்னவர்கள் எல்லோரும் இருந்தார்கள். பசை போட்ட கோட்டில் மெல்லிய ரம்பத்தை வைக்க வேண்டும். ஒரு மயிரிழை தள்ளிப் போனாலும் பெரியவன் இருக்கை கெட்டுவிடும். கிரேன் ரம்பத்தைக் கையில் எடுத்தான், கீழே வைத்தான்.

"அத்தை சீட்டை நான் அறுக்கமாட்டேன்."

"மரத்தை அறுக்கறது," என்றேன். "சீட்டை இல்ல."

அவன் நகரவில்லை. சின்னவன் ஜன்னலைப் பார்த்தான். நான் ரம்பத்தை எடுத்தேன். பெரியவன் வந்து கட்டையை அசையாமல் பிடித்துக்கொண்டான். இருவரும் சிறுவயதில் அப்படித்தான் அறுப்போம், நான் ரம்பம், அவன் பிடி. ஆர்க்கிடெக்ட் ஒரு நாற்காலி கொண்டுவரட்டுமா என்று கேட்டார். பிளாஸ்டிக் நாற்காலியா என்று சின்னவன் மனைவி கேட்டாள். அவர் கொண்டுவரவில்லை.

கோடு தவறவில்லை. கட்டை கழன்று கிரேன் கையில் விழுந்தது. புதுக் கட்டையை முளைகளில் பொருத்தி, பசை போட்டு, கிளாம்ப் வைத்து இறுக்கினோம். காய்ந்த பிறகு இழைத்து, மெழுகு தேய்த்தோம். அதற்கு நேரம் பிடித்தது. டாக்டரம்மா இடையில் இரண்டு குழந்தைகளைப் பார்த்துவிட்டு வந்தார். அவர் வருவதற்குள் தரை துடைக்கிற அம்மாள் வாளியை வைத்துவிட்டு, தூணோரத்துப் புது இருக்கையில் போய் உட்கார்ந்துவிட்டாள். அவளும் சின்ன உருவம். யாரும் உட்காரச் சொல்லவில்லை. உட்கார்ந்து, குனிந்து, முழங்காலைத் தடவிக்கொண்டு எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள். நிர்வாகி அவளை எழுப்பப் போனார். டாக்டரம்மா கையைக் காட்டித் தடுத்தார்.

"இருக்கட்டும். கால் தரையில இருக்கா பாருங்க. இருக்கு," என்றார்.

பிறகு அவரும் உட்கார்ந்தார். உட்கார்ந்த இடத்திலேயே செல்போனை எடுத்து யாருக்கோ மருந்துப் பெயர் சொல்ல ஆரம்பித்தார். நாங்கள் நிற்பதை மறந்துவிட்டார். நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு வேண்டியது அதுதான். நாற்காலி கம்பெனிக்கு இனிப் போன் செய்ய வேண்டியதில்லை என்று நிர்வாகி ஆர்க்கிடெக்டிடம் சொன்னது என் காதில் விழுந்தது. எங்கள் பெஞ்சு திரும்பி வரவில்லை.

பேசுகிறவர்கள் பேசுகிறார்கள். தம்பி மகளுக்கு என் இடத்தை விட்டுக்கொடுத்தேன் என்கிறார்கள். விட்டுக்கொடுக்கவில்லை. தூணோரத்து இருக்கையை எடுக்க ஒரே ஒரு பசைக் கோட்டை அறுத்தால் போதும். நடுவில் இருப்பவற்றுக்கு இரண்டு. சந்தேகம் உள்ளவர்கள் மருத்துவமனைக்குப் போய்ப் பெஞ்சுக்கு அடியில் குனிந்து பார்க்கலாம். அந்தப் பெஞ்சில் எனக்கு இடமில்லை என்பது உண்மை. அறுத்து எடுத்த கட்டைக்குக் கால் வைத்துப் பட்டறையில் போட்டிருக்கிறோம். நான் வெளியே போகும்போது கிரேன் அதில் உட்கார்ந்து டீ குடிக்கிறான். நான் வரும் சத்தம் கேட்டால் எழுந்துவிடுகிறான்.

அவள் வேலையை விட்டுவிட்டுப் பட்டறைக்கே வந்துவிட்டாள் என்கிறார்கள். இல்லை. நாற்காலி கம்பெனியில்தான் இருக்கிறாள். புதுப் பெஞ்சு ஆரம்பிக்கும்போது ஞாயிற்றுக்கிழமை வருவாள், மணலில் உட்காருவாள், குறை சொல்வாள், போவாள். பெரியவன் இப்போது ஆணி வாங்கப் போவதில்லை.

கடைசியாக ஒன்று. அவள் வருவதற்கு முந்தைய நாள், யாரும் பார்க்காத நேரத்தில், சுவரில் அவள் பலகைக்காக நான் புது ஆணி அடித்தேன் என்று சின்னவன் மனைவி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் ஆணி எதுவும் அடிக்கவில்லை. அந்த ஆணியை நான் ஒருநாளும் பிடுங்கவே இல்லை.